பழைய கேமராவும் பழைய படங்களும் சேகரிக்க ஆசையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேமராக்களையும் ஸ்டுடியோப் படங்களையும் பல காலமாகச் சேகரித்து வருகிறேன். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தமிழ்நாட்டில் என்ன கிடைக்கிறது, இங்குள்ள வெயிலிலும் ஈரத்திலும் அதை எப்படிக் காப்பது என்பதை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டுப் பரணிலிருந்து. கடைக்குப் போவதெல்லாம் அப்புறம். தாத்தா பாட்டி கல்யாணப் படம், பள்ளி குரூப் போட்டோ, பர்மாவிலிருந்தோ மலாயாவிலிருந்தோ வந்த கடிதத்தோடு சேர்ந்த சின்னப் படம் என்று ஏதாவது ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே மூத்தவரிடம் போய் உட்காருங்கள். யார் யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை முதல் வேலையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் நம் மக்களைப் படம் எடுத்தவர்கள் சாதியையும் தொழிலையும் எழுதினார்கள், பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' வரிசை அப்படிப்பட்டதுதான். அதில் முகங்கள் இருக்கின்றன, ஆனால் அவர்களில் மிகப் பலர் யார் என்று இன்று சொல்ல முடியாது. உங்கள் வீட்டுப் படத்தில் உள்ளவரின் பெயர் தெரிந்தவர் இன்று ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். கேமராவை அடுத்த வருடம்கூட வாங்கிக்கொள்ளலாம்.

பெயரைப் படத்தின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதலாம். எண் மட்டும் போட்டு, விவரத்தைத் தனி நோட்டில் எழுதுவது அதைவிட நல்லது.

அப்பா வைத்திருந்த பெட்டி கேமரா கிடைத்திருக்கிறது. நல்ல விலை போகுமா?

பெரும்பாலும் போகாது. வயதும் விலையும் சேர்ந்தே ஏறுவதில்லை. கோடக் நிறுவனம் 1900இல் பிரவுனி பெட்டி கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. சாதாரண மனிதர் கைக்குக் கேமரா வந்தது அதனால்தான். லட்சக்கணக்கில் செய்ததால் இன்றும் நிறையக் கிடைக்கின்றன.

நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் தயாரானது. 120 என்ற அளவுள்ள அகலமான சுருள் பிலிமில் பன்னிரண்டு சதுரப் படம் எடுக்கும். எழுபதுகளில் சுற்றுலாப் படமும் காதுகுத்துப் படமும் எத்தனையோ வீடுகளில் இதில்தான் எடுத்தார்கள். சந்தையில் அதற்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் அந்தக் கேமராவும் அதில் எடுத்த படங்களும் நெகட்டிவும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்தால், அதை ஒருபோதும் பிரிக்காதீர்கள். சேர்ந்து இருக்கும்போதுதான் அது ஒரு குடும்பத்தின் ஆவணம்.

மறுகோடியில் இருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஜெர்மனியின் லைக்கா கேமரா விற்பனைக்கு வருமுன் சோதனைக்காகச் செய்த 0 வரிசையில் 105ஆம் எண் கேமரா 2022 ஜூனில் 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. லைக்காவை வடிவமைத்த ஓஸ்கர் பார்னாக் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தது அது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டுக் கேமராவுக்கு விலை கணக்குப் போட வேண்டாம்.

மரத்தில் செய்த பெரிய ஸ்டுடியோ கேமரா வாங்கலாமா?

கண்டிப்பாக. தென்னிந்தியாவில் சேகரிப்பவருக்கு இதைவிட நெருக்கமான பொருள் வேறு இல்லை என்பது என் எண்ணம். துருத்தி வைத்து, பின்னால் தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக உருவம் பார்த்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுப்பார்களே, அந்தக் கேமரா. இங்கிலாந்தின் தார்ன்டன் பிக்கார்டு, லங்காஸ்டர் போன்ற பெயர்கள் பொறித்த பித்தளைத் தகடு சிலவற்றில் இருக்கும்.

ஆனால் நான் தேடச் சொல்வது வாகீஸ்வரி. ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் 1940களில் செய்யத் தொடங்கிய கேமரா. இசைக்கருவி பழுதுபார்க்கும் குடும்பம் அவருடையது. ஆர்மோனியத்துக்கும் துருத்தி, கேமராவுக்கும் துருத்தி. அந்தக் கைப்பழக்கம் இதற்கு உதவியது. தேக்கு மரச் சட்டமும் பித்தளைப் பூட்டுகளும் கடல் ஈரத்தைத் தாங்கின. நாடு முழுக்க ஸ்டுடியோக்களில் இது நின்றது, எண்பதுகள் வரை செய்தார்கள். பாஸ்போர்ட் படத்துக்கு நம் அப்பா அம்மா எதிரே உட்கார்ந்த கேமரா இதுவாகவே இருந்திருக்கலாம்.

வாங்கும்போது லென்ஸ் இருக்கிறதா, பிளேட் (படம் பதியும் கண்ணாடித் தகடு) வைக்கும் மரச் சட்டங்கள் கூடவே வருகின்றனவா என்று பாருங்கள். சட்டம் தொலைந்த கேமராவில் படம் எடுக்க வழியில்லை, வேறு கேமராவின் சட்டம் அநேகமாகப் பொருந்தாது.

போலி மரக் கேமராக்கள் வருகின்றனவாமே?

ஆமாம். ஹோட்டல் வரவேற்பறையில் வைப்பதற்காகப் புதிதாகச் செய்து, புகை ஏற்றிப் பழையது போல ஆக்கி விற்கிறார்கள். அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் தப்பில்லை, 'நூறு வருஷப் பழசு' என்று சொன்னால்தான் தப்பு. கண்டுபிடிப்பது சுலபம். முன்னால் உள்ள கண்ணாடி வழியே பின்பக்கம் வரை வெளிச்சம் போகிறதா? தேய்த்த கண்ணாடியில் எதிரே உள்ள ஜன்னல் தெளிவாக விழுகிறதா? பற்சக்கரத்தைத் திருப்பினால் துருத்தி முன்னும் பின்னும் நகர்கிறதா? இந்த மூன்றும் இல்லை என்றால் அது கேமரா இல்லை.

லைக்காவிலும் இதே கதைதான். தங்கமுலாம் பூசி, பாம்புத் தோல் ஒட்டி, ஜெர்மன் விமானப்படை முத்திரை குத்திய 'லைக்கா' மலிவாக வந்தால் அது அநேகமாக சோவியத் நாட்டு ஃபெட் அல்லது சோர்க்கி. ஃபெட் 1934 முதல் கார்க்கிவ் நகரில் லைக்காவைப் பார்த்துச் செய்தது. லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்புறம் பாருங்கள். தூரம் அளக்கும் கருவியைத் தொடும் முனை லைக்காவில் சிறு உருளைச் சக்கரமாக இருக்கும். சோவியத் கேமராவில் அது ஆப்பு வடிவத்தில் இருக்கும். ஃபெட்டும் சோர்க்கியும் அவற்றின் சொந்தப் பெயரில் நல்ல கேமராக்கள்தான், சேகரிக்கத் தகுந்தவைதான்.

வாங்குமுன் கேமராவில் என்ன சோதிக்க வேண்டும்?

ஒரு சின்ன டார்ச் போதும். வெளிச்சம் உள்ளே போகத் திறந்து மூடும் ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு லென்ஸுக்குள் பின்பக்கமாக வெளிச்சம் அடியுங்கள். சிலந்தி வலை போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. நம் கடலோர ஊர்களில் இது மிகச் சகஜம். லேசாக இருந்தால் பழுதுபார்ப்பவர் துடைத்துவிடுவார், கண்ணாடியை அரித்திருந்தால் தடம் போகாது. துருத்தி உள்ளதென்றால் இருட்டறையில் உள்ளே டார்ச்சை வைத்து மடிப்பு மூலைகளைப் பாருங்கள். ஊசித் துளைகள் நட்சத்திரமாகத் தெரியும்.

ஷட்டரை எல்லா வேகத்திலும் தட்டிப் பாருங்கள். வேகமானவை ஓடும், ஒரு வினாடி வைத்தால் நின்றுவிடும். பழைய கிரீஸ் இறுகியிருப்பதன் அடையாளம் அது. அதற்குத் தையல் மிஷின் எண்ணெய் விடவே கூடாது. எண்ணெய் ஷட்டர் தகடுகளுக்குப் பரவி ஒட்டிக்கொள்ளும். இறுகியதைப் பலம் கொடுத்துத் திருப்பவும் வேண்டாம். சோர்க்கி, ஃபெட் கேமராக்களில் பிலிமை முன்னே சுற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே ஏதாவது வளையும்.

இவற்றில் இன்னும் படம் எடுக்க முடியுமா?

120 பிலிம் கேமரா என்றால் முடியும். 1901இல் வந்த அந்த அளவு இன்றும் தயாராகிறது. கிளிக் 3, ரோலிகார்டு, யாஷிகா ட்வின் லென்ஸ் எல்லாம் அதில் ஓடும். 620 என்று எழுதியிருந்தால் பிலிமின் அகலம் அதேதான், சுருள் மட்டும் மெலிந்தது. 120 பிலிமை இருட்டில் 620 சுருளில் மாற்றிச் சுற்றிப் போடலாம். அதனால் 620 கேமரா வாங்கும்போது காலிச் சுருள் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே பழைய பிலிம் மாட்டியிருந்தால்? பின்மூடியைத் திறக்காதீர்கள். முதலில் பிலிமை முழுவதும் சுற்றி முடியுங்கள். யாரோ எடுத்துக் கழுவாமல் விட்ட படம் அதில் இருக்கலாம்.

கையில் உள்ள படம் எந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்வது?

முதலில் ஒரு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்குங்கள். படத்தை அதன் கீழே வையுங்கள். ஒழுங்கான புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் அச்சிட்டது, புகைப்படமே இல்லை. 'அரிய பழைய போட்டோ' என்று விற்கப்படுபவற்றில் பல இங்கேயே விழுந்துவிடும்.

புள்ளி இல்லை, காகித நார் பளிச்சென்று தெரிகிறது, காகிதம் மிக மெல்லியது, கெட்டி அட்டையில் ஒட்டியிருக்கிறது, நிறம் ஊதா கலந்த பழுப்பு, வெள்ளைப் பகுதிகள் மஞ்சளித்துள்ளன என்றால் அது ஆல்புமின் படம். கோழி முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதம். 1850இல் பிரான்சில் அறிமுகமானது, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வரை உலகம் முழுக்க அதுதான் ஆட்சி செய்தது. நார் தெரியாமல், பளபளப்பாக, செம்மை கலந்த பழுப்பு நிறத்தில் இருந்தால் அநேகமாக 1880களுக்குப் பிறகு, 1920கள் வரை. நல்ல கறுப்பு வெள்ளையாக, சாய்த்துப் பார்த்தால் கறுத்த இடங்களில் கண்ணாடி போல வெள்ளிப் பூச்சு மின்னினால் ஜெலட்டின் என்ற பசை பூசிய காகிதத்தில் எடுத்த படம். நம் வீடுகளில் மிகப் பெரும்பாலும் இதுதான்.

முழுக்க நீலமாக இருந்தால் சயனோடைப், 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. காந்தத்தை அருகே கொண்டுபோனால் இழுக்கும் தகரப் படமும் கண்ணாடியில் எடுத்துப் பின்னால் கறுப்பு வைத்த படமும் 1850களில் வந்தவை. டாகுரோடைப் முகம் பார்க்கும் கண்ணாடி போல இருக்கும், ஒரு கோணத்தில் படம் தெரியும், இன்னொரு கோணத்தில் நெகட்டிவாகத் தெரியும். 1839இல் பாரிஸில் உலகுக்குச் சொல்லப்பட்ட முதல் முறை இது. இந்தியாவில் எடுத்த டாகுரோடைப் அபூர்வத்திலும் அபூர்வம். அப்படி ஒன்று கிடைத்தால் அதன் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், பஞ்சால் ஒரு முறை துடைத்தாலும் உருவம் போய்விடும்.

அட்டையின் அளவும் பேசும். ஏறத்தாழ 6க்கு 10 சென்டிமீட்டர் என்றால் விசிட்டிங் கார்டு படம், 1854இல் பாரிஸில் டிஸ்டேரி காப்புரிமை வாங்கியது. 11க்கு 16.5 என்றால் கேபினட் அட்டை, 1860களின் பிற்பாதியில் பரவியது. அட்டையில் ஸ்டுடியோ பெயரும் விலாசமும் இருக்கும். தொலைபேசி எண் எத்தனை இலக்கம் என்பதுகூடக் காலத்தைக் காட்டும்.

பிறகுதான் உடை, நகை, பின்திரை, முக்காலி, பூஜாடி, கையில் பிடித்த புத்தகம். இவற்றை மட்டும் நம்பினால் ஏமாறலாம். ஸ்டுடியோக்கள் ஒரே பின்திரையை இருபது முப்பது வருடம் வைத்திருந்தன, கோட்டும் கடிகாரமும்கூட ஸ்டுடியோவே கொடுத்தது.

சென்னை மாகாணத்தின் ஆரம்பகாலப் படங்கள் இன்று வாங்கக் கிடைக்குமா?

சில கிடைக்கும். 1850களின் நடுவிலேயே பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்று இடத்திலும் புகைப்படச் சங்கங்கள் வந்துவிட்டன. சென்னை அரசு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1858இல் அவர் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டிச் சாமான்களோடு சுற்றி, காகித நெகட்டிவில் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். எனக்கு இதைவிடப் பிடித்த புகைப்படம் இல்லை. ராஜராஜன் வெட்டிவைத்த எழுத்துகளைக் கேமரா வரிவரியாக நகல் எடுத்திருக்கிறது. அடுத்த ஓரிரு ஆண்டில் ஆளுநர் ட்ரெவெலியன் இதை ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். ட்ரைப்பின் அசல் படங்கள் பெரிய நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. லண்டன் அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் நிதானமாகப் பார்க்கலாம்.

நம் கைக்கு எட்டுபவை அதற்குப் பிந்தியவை. சென்னையில் நிக்கலஸ் கம்பெனி, வீலே அண்டு க்ளைன், ஊட்டியில் பென் ஆகியோரின் அட்டைகள் ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் வருகின்றன. இலங்கைப் படம் தேடினால் ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே என்ற பெயர்களைக் கவனியுங்கள்.

ஆனால் சிற்றூர் ஸ்டுடியோக்களின் படங்களுக்கு யாரும் இன்னும் போட்டி போடுவதில்லை. கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ இருந்த ஒரு ஸ்டுடியோவின் முத்திரை உள்ள படங்களை மட்டும் பத்து வருடம் சேர்த்தால், வேறு எங்கும் இல்லாத ஒரு தொகுப்பு உங்களிடம் இருக்கும். நீங்கள் ஒரு ஊரைத் தேர்ந்தெடுங்கள் என்பேன்.

எங்கே வாங்குவது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகள், காயலான் கடைகள், மூடப்போகும் ஸ்டுடியோக்கள். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். உரிமையாளரிடம் பேசி, அவர் நினைவுகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வாங்குங்கள். ஆல்பத்தைப் பிரித்துத் தனித்தனிப் படமாக விற்பவரிடம், முடிந்தால் முழு ஆல்பமாகக் கேளுங்கள்.

நம் ஊர் ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

சென்னையில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான மாதங்களில் 60 சதவீதத்துக்கு மேல். பூஞ்சைக்கு அது போதும். கேமராவைத் தோல் உறையில் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி லென்ஸுக்குக் கொடுக்கும். காற்றுப் புகாத டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு, கூடவே ஒரு ஈரமானியும் வையுங்கள். 40 முதல் 50 வரை இருந்தால் நல்லது. அதற்கும் கீழே போனால் துருத்தித் தோலும் மரமும் வெடிக்கும். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். மாதம் ஒரு முறையாவது கேமராவை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

படங்களுக்கு அமிலம் இல்லாத காகித உறை. பாலியஸ்டர், பாலிபுரொப்பிலீன் உறைகளும் சரி, பிவிசி கூடாது. எண்பதுகளில் வந்த, பசைப் பக்கத்தில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பங்கள் படத்தை மெல்ல மெல்லக் கொல்பவை. பீரோவில் துணியோடு அந்துருண்டை போட்டு வைப்பதும் வேண்டாம். கான்கிரீட் தளத்துக்கு ஒட்டிய பரணில் கோடை வெப்பம் தாங்காது. வீட்டின் நடு அறையில், தரைக்கும் வெளிச்சுவருக்கும் ஒட்டாத அலமாரி சிறந்தது. கரையான் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிப்பது எப்படி?

பிரிக்காதீர்கள். மழைக்காலத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் ஒட்டுகிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே நல்ல படம் எடுத்து வைத்துக்கொண்டு, பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

லேமினேஷன் செய்தால் நிரந்தரமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அசல் படத்துக்கு ஒருநாளும் அதைச் செய்யாதீர்கள். சூடும் பசையும் உள்ளே போனால் திரும்ப வெளியே எடுக்க வழியில்லை. நகல் எடுத்து நகலை லேமினேட் செய்யுங்கள். ஈரத்துணியால் துடைப்பது, கிழிசலை செலோடேப்பால் ஒட்டுவது இரண்டும் இதே கணக்கில்தான் சேரும்.

நெகட்டிவ்களை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். நெகட்டிவ்தான் மூலம். வெள்ளிக்காக எடைக்குப் போட்டு ஒழிந்த ஸ்டுடியோ நெகட்டிவ்களை நினைத்தால் மனம் கனக்கிறது. கண்ணாடி நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகக் காகித உறையில் இட்டு, நீளப்பக்கம் கீழே இருக்க நிமிர்த்தி வையுங்கள். அடுக்கிப் படுக்க வைத்தால் அடியில் உள்ளது உடையும்.

பிலிம் நெகட்டிவில் ஒரு ஆபத்து உண்டு. 1950களுக்கு முந்தைய பிலிம்களில் சில நைட்ரேட் என்ற எளிதில் தீப்பற்றும் பொருளை அடித்தளமாகக் கொண்டவை. ஓரத்தில் 'சேஃப்டி' என்று எழுதியிருந்தால் கவலையில்லை. அப்படி இல்லாமல், பழுப்பாகி, பிசுபிசுத்து, காரமான நெடி வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். சிதைந்த நைட்ரேட் பிலிம் 41 டிகிரி வெப்பத்திலேயே தானாகத் தீப்பிடிக்கக்கூடும். வேலூர், திருச்சி சித்திரை வெயிலில் அது சாதாரண வெப்பநிலை. மூடிய டப்பாவில் அடைக்காமல், வீட்டின் மற்ற பொருட்களிலிருந்து தனியே, குளிர்ந்த காற்றோட்டமான இடத்தில் வைத்து, ஆவணக் காப்பகம் ஒன்றின் உதவியைக் கேளுங்கள். கொளுத்திச் சோதிக்கவே கூடாது. புளித்த காடி வாசம் வந்தால் அது அசிடேட் பிலிம். தீ ஆபத்து இல்லை, ஆனால் சுருங்கிக்கொண்டே போகும், மற்ற பிலிம்களுக்கும் அது பரவும். பிரித்து வைத்து முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் எப்படிச் செய்வது?

படமாக இருந்தால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பு, வண்ணத்தில். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும், பழுப்பும் கறையும் ஆதாரம். பின்பக்கத்தையும் அட்டை ஓரத்தையும் சேர்த்து எடுங்கள். முகத்தை அழகாக்கும் செயலிகளும் தானாக வண்ணம் பூசும் செயலிகளும் இல்லாததை இட்டு நிரப்புகின்றன. பகிர ஆசை என்றால் தனிக் கோப்பில் செய்து, அப்படிச் செய்தது என்று எழுதிவிடுங்கள்.

இறந்தவரை உட்கார வைத்து எடுத்த படம் கிடைத்தது. வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. நம் ஊரில் பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். மாலை போட்டு நாற்காலியில் சாய்த்து, சுற்றிலும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நிற்பார்கள். பயமோ விசித்திரமோ தேடி இதைப் பரப்புவதை நான் ஏற்கவில்லை. அந்தக் குடும்பம் தெரிந்தால் முதலில் அவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள், பொதுவில் போடுமுன் கேளுங்கள்.

சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா?

இரண்டு விஷயம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு நண்பருக்குப் பழைய ஆல்பம் அனுப்ப நினைத்தால் தொல்லியல் துறையிடம் கேட்டு, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் தேவையா என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தது, படம் உங்களிடம் இருப்பதால் பதிப்புரிமை உங்களுடையதாகிவிடாது. 2012 திருத்தத்துக்குப் பின் புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளோடு 60 ஆண்டு உரிமை உண்டு. புத்தகத்தில் போடுமுன் இதைப் பாருங்கள்.

என் தொகுப்பை எனக்குப் பிறகு யாரிடம் கொடுப்பது?

இப்போதே ஒரு பட்டியல் எழுதுங்கள்: எண், யார் படம், எங்கே யாரிடம் வாங்கியது, எப்போது. பட்டியல் இல்லாத தொகுப்பை வாங்கிக்கொள்ளக் காப்பகங்கள் தயங்கும், பிள்ளைகளும் என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்காரரைக் கூப்பிடுவார்கள். அசலைக் கொடுக்க மனமில்லை என்றால் ஸ்கேன் பிரதியையாவது கொடுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி இலக்க வடிவில் ஆவணப்படுத்தியிருக்கிறது. அசல்கள் குடும்பங்களிடமும் ஸ்டுடியோக்களிடமும் இருக்க, பிரதிகள் ஆராய்ச்சிக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் படங்களைப் பற்றி அவர்களுக்கு எழுதும்போது பட்டியலையும் இரண்டு மூன்று மாதிரிப் படங்களின் இரு பக்க ஸ்கேனையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் சொல்ல அவர்களுக்குச் சுலபமாக இருக்கும்.